பலகையில் இல்லாத எண்பது வருடம்

காலிக் கோட்டை மீரான் ஜும்ஆப் பள்ளியில் ளுஹர் தொழுதுவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தோம். செருப்பை மாட்டியபடியே ஹாஜியார் என்னிடம் கேட்டார்:

"மகன், நான் பொறந்த ஊட்டுக்குள்ள போக இப்ப டிக்கட் எடுக்கணுமா?"

ஹாஜியாருக்கு வயது எழுபத்தெட்டு. கோட்டைக்குள் பிறந்து, கோட்டைக்குள் ஓதி, நாற்பது வருடம் மாணிக்கக் கல் வியாபாரம் செய்தவர். இப்போது தர்கா நகரில் மகளோடு இருக்கிறார். கோட்டையில் அவர் பிறந்த வீடு விற்கப்பட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. வாங்கியவர் அதைத் திருத்திக் கட்டினார். பிறகு இன்னொரு கைக்கு மாறி, இன்று நவீன ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு சின்னக் கலைக்கூடமாக இருக்கிறது. கோட்டை வீதிகளில் இப்படி மாறிய வீடுகள் ஒன்றிரண்டல்ல. கலைக்கூடம், ஆபரணக் கடை, கோப்பிக் கடை, சிறிய ஹோட்டல் என்று நடந்துகொண்டே எண்ணலாம். நாங்கள் போன வீட்டின் இலக்கத்தையோ கூடத்தின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் எங்களை மரியாதையாக நடத்தினார்கள். நான் சொல்ல இருக்கும் குறையும் அந்த ஒரு வீட்டோடு முடிகிற குறையல்ல.

டிக்கட் எதுவும் இல்லை. உள்ளே போகலாம், பார்க்கலாம், விரும்பினால் வாங்கலாம். வாசலில் ஓர் இளம் சிங்களப் பெண் எழுந்து நின்று வரவேற்றார். வீதியைப் பார்த்த விறாந்தை, மரத் தூண்கள், கதவுக்கு மேலே விசிறி மாதிரி செதுக்கிய மரச்சட்டம், கையகல மொத்தத்தை விட மூன்று மடங்கு மொத்தமான சுவர். அந்தச் சுவர்கள் முருகைக்கல்லும் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டியவை. வெளியில் நெருப்பு வெயில், உள்ளே கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. கோட்டை வீடுகள் எல்லாம் முகம் சிறுத்து, முதுகு நீண்டவை. விறாந்தை, ஆல், பக்க அறைகள், நடு முற்றம், அதற்கப்பால் குசினியும் கிணறும். ஒரு வீட்டைப் பார்த்தால் மற்ற வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

விறாந்தைச் சுவரில் ஒரு பித்தளைப் பலகை. ஆங்கிலத்தில் மூன்று வரி. இது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒல்லாந்த வீடு என்றும், 2000களில் பழைய நிலைக்குத் திருத்தப்பட்டது என்றும், இன்று இலங்கைச் சமகால ஓவியங்களுக்கான இடம் என்றும் அது சொன்னது. ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அப்ப நாங்க?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் ஓவியங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது படங்கள் வரை இருந்தன. பாதி, சுற்றுலாப் பயணி பெட்டிக்குள் மடித்துக் கொண்டுபோகிற சாமான்: கொக்கல பக்கத்துக் கம்பு மீனவர், வெளிச்சவீடும் தென்னையும், சிவப்பு முச்சக்கர வண்டி. விலை டொலரில். அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் பின் அறையில் ஓர் இளம் ஓவியரின் மூன்று பெரிய துணிகள் தொங்கின. சுண்ணாம்பும் சாம்பலும் கரியும் பூசிய துணி. உருவம் என்று எதுவும் இல்லை. பழைய வீட்டுச் சுவரில் மழை இறங்கிய கறை, அலுமாரி நகர்த்திய பிறகு சுவரில் தெரியும் வெளுத்த கட்டம், ஆணி பிடுங்கிய ஓட்டை, இவ்வளவுதான். ஒன்றின் முன்னால் நான் கனநேரம் நின்றேன். யாரோ வாழ்ந்துவிட்டுப் போன சுவர் அது என்று எழுத்தில்லாமலே தெரிந்தது. வாசற் பலகை எழுதியவரை விட அந்த ஓவியர் வீட்டை நன்றாக வாசித்திருக்கிறார்.

ஹாஜியாருக்குப் படங்களில் பெரிய அக்கறை இல்லை. "எங்கட ஊட்டுச் செவர்ல கஅபா படமும் கலண்டரும் மட்டும்தான் ஈந்த. இப்ப செவர் நெறய மனிசர்" என்று சொல்லிவிட்டு முகட்டைப் பார்க்கத் தொடங்கினார். அவர் தேடியது படமல்ல, கொக்கி.

ஆலின் நடு உத்தரத்தில் கறுத்த இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. அதில் இப்போது ஒரு கண்ணாடி விளக்கு தொங்குகிறது. "அதுலதான் தொட்டில். நான், தாத்தா, தம்பிமார் ஏழு பேர், புறகு எங்கட புள்ளகள் எல்லாரும் அதுல ஆடின" என்றார். அந்தக் கொக்கிக்கு இருபுறமும் சுவரில் சற்று உயரத்தில் இரண்டு ஓட்டைகள் அடைக்கப்பட்ட அடையாளம். மவ்லிது, கத்தம், கலியாண நாட்களில் ஆண்களையும் பெண்களையும் பிரிக்கத் திரை கட்டிய இடம். தெற்கு அறையில் சுவருக்குள் ஒரு மாடம். கூடத்துக்காரர் அதில் களிமண் சிற்பம் ஒன்றை வைத்து, மேலிருந்து சின்ன விளக்குப் போட்டிருந்தார்கள். அது முஸ்ஹபு வைத்த மாடம். ஹாஜியாரின் உம்மா சுபஹுக்குப் பிறகு அதற்கு நேரே பாய் போட்டு உட்கார்ந்து ஓதுவாராம். முற்றத்தில் இப்போது தாமரை வளர்க்கும் கற்தொட்டி, வுழூச் செய்யத் தண்ணீர் நிரப்பிய தொட்டி.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு போக, அந்தப் பெண்ணும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். அவரிடம் நான் சிங்களத்தில் விளக்கினேன். "இந்த மாடத்தை எல்லாரும் கேட்பார்கள், ஒல்லாந்தர் மெழுகுதிரி வைத்தது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கினார்கள்" என்றார் அவர். ஒல்லாந்தர் வைத்தும் இருக்கலாம். சுவருக்குள் மாடத்தைக் கட்டியது யார் என்பது வேறு, அதை எண்பது வருடம் பாவித்தது யார் என்பது வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது பின் அறையின் வடக்குச் சுவர். திருத்த வேலை செய்தவர்கள் ஓரிடத்தில் ஒரு புத்தகம் அளவுக்குப் பூச்சைச் சுரண்டி, அடுக்கடுக்காகத் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். மேலே வெள்ளை, அதற்குக் கீழே இளம் பச்சை, பிறகு நீலம், மறுபடியும் பச்சை, பிறகு காவி மஞ்சள், அடியில் வெள்ளை. கட்டடக் கலைஞர் அதைப் பூச்சின் வரலாறாக வைத்திருக்கிறார். ஹாஜியாருக்கு அது குடும்ப நாட்குறிப்பு. "மேல் பச்ச, எங்கட கடசித் தங்கச்சிட கலியாணத்துக்கு அடிச்ச. நீலம் நான் பள்ளிக்கூடம் போகக்குள்ள. கீழ்ப் பச்ச வாப்பாட கலியாணத்துக்கு எண்டு மூத்தம்மா சொல்லிய." காவி மஞ்சளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. அது நம்மவர்கள் வருவதற்கு முன்னைய நிறமாக இருக்கும்.

ஆக, சுவரிலேயே முறை எழுதியிருக்கிறது. பலகையில் அடியிலுள்ள வெள்ளையும் மேலேயுள்ள வெள்ளையும் மட்டும் இருக்கின்றன. நடுவிலுள்ள பச்சையும் நீலமும் இல்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒல்லாந்தர் காலியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1640இல். ஆங்கிலேயரிடம் இழந்தது 1796இல். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வீடு என்றால், ஒல்லாந்தக் கொடியின் கீழ் அது நின்ற காலம் கூடினால் 96 வருடம். ஹாஜியாரின் மூத்தப்பா அதைப் பறங்கிக் குடும்பமொன்றிடம் வாங்கியது முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு. விற்றது 2003இல். எண்பது வருடம். ஒரு வீடு யாருடைய வீடு என்று கேட்டால், கட்டியவருக்கு ஒரு பதில், இருந்தவருக்கு ஒரு பதில் என்று இரண்டும் எழுதுவதுதானே நியாயம்?

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி முஸ்லிம் வியாபாரியைக் கோட்டை மதிலுக்குள் விரும்பி வைத்துக்கொண்ட ஆட்சியல்ல. நம்மவர்கள் தங்கியிருப்பதற்கே ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. கொழும்புக் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்கள் வீடு வளவு வைத்திருப்பதைத் தடுத்து 1747இல் ஒரு விதி வந்தது. ஆங்கிலேயர் வந்த பிறகும் அது கிடந்து, 1832இல்தான் நீக்கப்பட்டது. அது கொழும்புக்கான விதிதான். ஆனால் கம்பனி எந்தக் கண்ணால் பார்த்தது என்பதை அறிய அது போதும். அதே கம்பனிதான் காலிக் கோட்டையில் இன்று பெட்லர் வீதி என்று அழைக்கப்படும் தெருவுக்கு மூர்ஸ் கிராமர் ஸ்திராத் என்று பெயர் வைத்தது. சோனகச் சில்லறை வியாபாரிகளின் தெரு என்று அதற்குப் பொருள். வீடு கொடுக்க மனமில்லை, ஆனால் தெருவில் எங்கட ஆட்கள் நிறைந்திருந்ததை மறைக்கவும் முடியவில்லை. ஆங்கிலேயர் அந்தப் பெயரிலிருந்து சோனகரைக் கழற்றிவிட்டுச் சில்லறை வியாபாரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெட்லர் வீதியில் இன்று நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த பெட்லர் யார் என்று தெரியும்?

காலியில் முஸ்லிம் ஒருவரின் விருந்தோம்பல் எழுத்தில் பதியப்பட்டது மதிலுக்கெல்லாம் மிக முந்தியது. இப்னு பதூதா 1344இல் தேவேந்திரமுனையிலிருந்து இந்தச் சிறு பட்டினத்துக்கு வந்தபோது, நாகூதா இப்ராஹீம் என்று அறியப்பட்ட ஒரு முஸ்லிம் அவரைத் தமது இருப்பிடத்தில் விருந்தாளியாக வைத்துக்கொண்டார். போர்த்துக்கேயர் இங்கே முதற் கோட்டை கட்டுவதற்கு இருநூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பு நடந்தது அது. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம். 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அதன் பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கான காணிக்கைகளைச் சொல்கிறது. பாரசீகம் வாசிக்க இங்கே ஆளில்லாமல் யாரும் பாரசீகத்தில் கல் வெட்டிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர மாட்டார்கள்.

இவை நமது மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நாகூதா இப்ராஹீமிலிருந்து இன்றைய நிலைக்கு ஒரே பாய்ச்சலில் வந்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் வீடுகளைப் பற்றி எழுத நமக்கே தோன்றவில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் சோனகரின் இனத்துவம் பற்றிக் கட்டுரை வாசித்தார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு எழுதினார். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். வந்த பிறகு எந்த வீட்டில் இருந்தோம், அறையை எப்படிப் பிரித்தோம், சுவருக்கு என்ன நிறம் அடித்தோம் என்பது அந்த விவாதத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை.

கோட்டை வீடுகள் நம்மவர் கைக்கு வந்த கதை துறைமுகத்தின் கதையோடு சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவுக்கும் கிழக்குக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றது காலியில்தான். இறங்கிய பயணிகளுக்கு மாணிக்கம், ஆமையோட்டுச் சீப்பு, சரிகைப் பின்னல் எல்லாம் விற்றவர்களில் முன்னால் நின்றவர்கள் முஸ்லிம்கள். இன்றும் பெயர் பெற்ற மாக்கான் மாக்கார் மாணிக்க வியாபாரம் 1860இல் தொடங்கியது காலியில். பிறகு கொழும்பு அலைதடுப்பு வேலை 1875இல் ஆரம்பித்து 1885இல் முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்குப் போயின, அவற்றின் பின்னால் கம்பனிக் காரியாலயங்களும் போயின. காலிக்கு அது பெரிய அடி. கோட்டையிலிருந்த பறங்கிக் குடும்பங்கள் சிலவும் மெல்ல வெளியேறின. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு அவர்களில் பலர் அவுஸ்திரேலியாவுக்கே போய்விட்டார்கள். விட்டுப்போன வீடுகள் பலவற்றை வாங்கி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, பிள்ளை பெற்று, மையித்து எடுத்து வாழ்ந்தவர்கள் முஸ்லிம்கள். கோட்டையில் 1892இல் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரி எழுந்ததும், மீரான் பள்ளி இன்று நாம் காணும் தோற்றத்தில் 1904இல் கட்டப்பட்டதும், துறைமுகம் படுத்த பிறகு என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் வாடிய காலத்தில்தான் நம்மவர் அங்கே வேர் விட்டிருக்கிறார்கள். மீரான் பள்ளியை முதல் தரம் பார்ப்பவர்கள் தேவாலயம் என்று நினைப்பார்கள். முகப்பு அப்படி. அதற்காக யாரும் அதில் ஒல்லாந்தப் பள்ளி என்று பலகை வைக்கவில்லை. ஜமாஅத் உள்ளே இருக்கிறது, அதனால்தான்.

ஹாஜியாரின் வீட்டு விறாந்தை கிழக்குப் பார்த்தது. கல்லைக் காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், வெயில் ஏறினால் நிறம் ஏமாற்றும். எனவே சுபஹு முடிந்து எட்டு மணிக்குள் விறாந்தையில் வியாபாரம் நடந்துவிடும். பின் கொல்லையில் மூத்தப்பாவின் காலத்திலிருந்தே பட்டறை. வில்லை இழுத்துச் சக்கரம் சுற்றி நீலக்கல்லைச் சாணை பிடித்த இடத்தில் இப்போது கூடத்தின் களஞ்சிய அறை. 1970களுக்குப் பிறகு வியாபாரத்தின் மையம் பேருவளை சீனன்கோட்டைப் பக்கம் போனது. பிள்ளைகளும் அந்தப் பக்கமே கலியாணம் முடித்தார்கள்.

பிறகு ஏன் விற்றீர்கள் என்று நான் கேட்டேன். முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்திருந்தார்.

"யாருக்கு யாரு பழி சொல்ல ஏலும் மகன்? பதினேழு பேர் கையெழுத்து வெச்ச" என்றார்.

பதினேழு பேர். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் நமது பறாயிள் முறையை நாட்டின் சட்டமாக ஏற்றுக்கொண்டது. அது நமக்குக் கிடைத்த உரிமை. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூத்தப்பாவின் வீடு வாப்பாவுக்கும் மாமிமாருக்கும் பிரிந்து, அவர்களின் பங்கு பிள்ளைகளுக்குப் பிரிந்தபோது, ஓடு மாற்றும் செலவில் தன் பங்கைக் கொடுக்க ஒருவருக்கும் அவசரமில்லாமல் போயிற்று. வீட்டிலிருந்தவர் செலவழித்தார், வெளியிலிருந்தவர் பங்கு கேட்டார். கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பிறகு திருத்துவதும் இலேசில்லை. ஒரு யன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும், அனுமதி வந்தாலும் பழைய மாதிரி மரமும் ஓடும் சுண்ணாம்பும் போட வேண்டும். சீமெந்து பூசினால் முடியும் வேலைக்கு மூன்று மடங்கு செலவு. இந்த நிலையில், வெளிநாட்டவர் காணி வாங்கும்போது கட்ட வேண்டியிருந்த நூறு வீத வரியை அரசு 2002இல் எடுத்துவிட்டது. 2004இல் அது திரும்ப வந்தது. இடைப்பட்ட அந்தக் கொஞ்சக் காலத்தில் கோட்டை வீதிகளில் தரகர்மார் கதவு கதவாகத் தட்டினார்கள். ஹாஜியார் வீட்டாருக்குச் சொன்ன விலை அவர்கள் வாழ்நாளில் கேட்டிராத விலை. பதினேழாகப் பிரித்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன வீடு கட்டப் போதுமான தொகை. எந்த நியாயத்தில் வேண்டாம் என்பது? அடுத்த வருடம் டிசம்பர் 26 சுனாமி காலி நகரைத் தின்றபோது மதில் கோட்டையைக் காத்தது. விற்றுவிட்டுக் கரையோரம் போன உறவினர் ஒருவரின் புது வீட்டைக் கடல் கொண்டுபோனது. ஹாஜியார் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

விற்காமல் வைத்திருக்க வழியே இல்லையா? ஒரு வழி இருந்தது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் வீட்டை வக்பு செய்திருக்கலாம். கோட்டையில் ஒரு வீட்டையாவது ஊரார் சேர்ந்து வாங்கி, நூலகமாகவோ நூதனசாலையாகவோ வைத்திருக்கலாம். பள்ளிக்கும் மதரசாவுக்கும் தாராளமாகக் கொடுத்த கைகள் அவை. ஒரு குடியிருப்பு வீடு காப்பாற்றத் தக்க சொத்து என்று நமக்குத் தோன்றவில்லை. எனக்கும் அன்று தோன்றவில்லை. 2003இல் நான் அதே வீதியால் எத்தனை முறை நடந்திருப்பேன்.

தேத்தண்ணி குடித்து முடியும்போதுதான் ஹாஜியார் நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்ததாம். மூத்தப்பாவினதும் வாப்பாவினதும் கணக்குக் கொப்பிகள், கடிதங்கள், எந்தக் கல் எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன விலைக்குப் போனது, யாருக்குக் கடன், எந்தப் பிள்ளை எந்த நாளில் பிறந்தது என்பதெல்லாம் எழுதிய கொப்பிகள். முழுவதும் அறபுத் தமிழில்.

"அந்தப் பெட்டி இப்ப எங்க?" என்றேன்.

"கடல்ல."

வீட்டை ஒழிக்கும்போது அந்தக் கொப்பிகளை வாசிக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எழுத்து அறபு எழுத்து. ஒவ்வொரு பக்கமும் பிஸ்மியில் தொடங்குகிறது. குப்பையில் போட மனம் வருமா? எரிக்கவும் பயம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியாரும் தம்பியும் பெட்டியை மதிலுக்குத் தூக்கிப்போய், பாறைப் பக்கம் இறங்கி, கல் கட்டி, அதபோடு கடலில் விட்டுவிட்டு வந்தார்கள். கிழிந்த முஸ்ஹபுக்குச் செய்கிற மரியாதையை மாணிக்கக் கணக்குக்குச் செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அறபுத் தமிழில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய பத்ஹுத் தய்யான் போன்ற மார்க்க நூல்கள் அச்சாகி, கைமாறி, நம்மிடம் எஞ்சியிருக்கின்றன. இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களைத் தேடித் தொகுக்க ம.மு. உவைஸ் போன்றோர் ஆயுளைச் செலவழித்தார்கள். ஆனால் அதே எழுத்தில் வீட்டுக் கணக்கு எழுதிய ஆயிரக்கணக்கான கொப்பிகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவை நூலல்ல என்பதால் ஆய்வாளர் தேடவில்லை. அறபெழுத்து என்பதால் வீட்டார் கடலில் விட்டார்கள். பலகை எழுதியவரிடம் கோபிக்கும் உரிமை எனக்கு அந்த இடத்தில் பாதியாகக் குறைந்துபோனது. அவருக்கு வாசிக்கக் கிடைத்தது ஒல்லாந்தரின் தோம்பும் வரைபடமும். ஒல்லாந்தர் எழுதியதை ஒல்லாந்தர் பத்திரப்படுத்தினார்கள். நம்முடையதை அவர் வாசிக்கக் கேட்டிருந்தாலும் கொடுக்க நம் கையில் என்ன இருந்தது?

பாதி என்றுதான் சொல்கிறேன். மறு பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இன்றும் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. பலகை எழுதுமுன் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இரு வீட்டுக்கும் நடுச்சுவரில் முன்பு ஓர் இடைக்கதவு இருந்தது. பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வந்த கதவு. கூடத்துப் பக்கம் அதை அடைத்து, படம் மாட்டியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பக்கம் கதவு இன்னும் அப்படியே இருக்கிறது, நிலையோடும் தாழ்ப்பாளோடும். அதைத் திறந்தால் கூடத்தின் ஓவியத்தின் முதுகு தெரியும். இதை அடுத்த வீட்டு மாமியே எங்களுக்குக் காட்டினார்.

கூடத்துக்காரர்கள் செய்த நன்மையையும் மறைக்கக் கூடாது. கூரை ஒழுகவில்லை. உத்தரத்தில் கறையான் இல்லை. சுவரைச் சுரண்டி நிற அடுக்குகளைக் காட்டியது அவர்கள்தான். நம் கையில் இருந்திருந்தால் அந்தச் சுவரை இடித்துக் குளியலறை போட்டிருப்போம். கோட்டைக்கு வெளியே நம்மவர் வீடுகளில் நடந்திருப்பதைப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

புறப்படும்போது அந்தப் பெண் ஹாஜியாரிடம் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பலகையை மாற்றுவது தன் கையில் இல்லை, ஆனால் படம் கிடைத்தால் முதலாளியிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். தாத்தாவிடம் ஒன்று இருக்கும் என்றார் ஹாஜியார். அஸருக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் பள்ளிக்குத் திரும்பினோம்.

அந்தப் படத்தை நான் இரண்டு வாரத்துக்குப் பிறகு வெலிகாமத்தில் ஹாஜியாரின் தாத்தா வீட்டில் பார்த்தேன். அவருக்கு எண்பத்தாறு வயது. நினைவு தெளிவு. கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் பூச்சி அரித்தது. 1950களின் ஒரு கலியாணம். விறாந்தையில் துருக்கித் தொப்பியும் கோட்டும் போட்ட பதினொரு ஆண்கள். கதவுக்கு மேலே அதே விசிறிச் சட்டம். ஒவ்வொருவரின் பெயரையும் உறவுமுறையையும் தொழிலையும் தாத்தா சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பெயர்ப் பட்டியலும் படத்தின் பிரதியும் இப்போது என்னிடம் இருக்கின்றன, கூடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பெண்கள் ஒருவரும் படத்தில் இல்லை. ஆனால் கதவின் திரைக்குப் பக்கத்தில், வளையல் போட்ட ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. திரையைப் பிடித்திருக்கும் கை. அது உம்மாவின் கை என்கிறார் ஹாஜியார். தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. உம்மா அன்று குசினியை விட்டு அசையவே இல்லையாம், அது அடுத்த வீட்டு மாமியின் உம்மாவாம், இடைக்கதவால் வந்தவர்.